ஸ்பெயினில் மடத்து நிலத்தை ஏலம் விட்ட கதை: உழுதவனுக்குக் கிடைத்ததா?

வாசகர் கேள்வி, 11 பிப்ரவரி 2023

1836இல் ஸ்பெயின் அரசு கத்தோலிக்கத் துறவு மடங்களை மூடி, அவற்றின் நிலத்தைப் பறிமுதல் செய்து, உழுதுகொண்டிருந்த ஏழை விவசாயிகளுக்கே பிரித்துக் கொடுத்தது என்று ஒரு காணொளியில் கேட்டேன். பிரபுக்களையும் சாமியார்களையும் ஒரே அடியில் வீழ்த்திய நிலச்சீர்திருத்தமாம் அது. நீங்கள் பார்சிலோனாவில் இருப்பதால் கேட்கிறேன். உண்மையா?

12 பிப்ரவரி 2023

மூடியது உண்மை. பறித்தது உண்மை. பிரித்துக் கொடுத்தது பொய். விற்றார்கள். அதுவும் ஏலத்தில்.

பின்னணி சுருக்கமாக. 1833 செப்டம்பரில் மன்னர் ஏழாம் பெர்னாந்தோ இறந்தார். வாரிசு இசபெல்லுக்கு இன்னும் மூன்று வயது நிறையவில்லை. தாய் மரியா கிறிஸ்தினா பெயரில் ஆட்சி. சித்தப்பா கார்லோஸ் "பெண் குழந்தைக்கு ஏது அரியணை" என்று படை திரட்டினார். மடங்களில் பெரும்பகுதி கார்லோஸ் பக்கம் சாய்ந்திருந்தது, அல்லது சாய்ந்திருப்பதாக ஊர் நம்பியது. போருக்குப் பணம் வேண்டும், கஜானாவில் பணமில்லை. பழைய கடன் பத்திரங்களோ மலைபோல் குவிந்து கிடந்தன.

அப்போது லண்டனில் இருந்து வந்து சேர்ந்தவர் ஹுவான் ஆல்வாரெஸ் மெந்திசாபால். காதிஸ் பக்கத்து வணிகர், லிபரல் (மன்னரின் முழு அதிகாரத்தை எதிர்த்த அணி), நாடு கடந்து வாழ்ந்தவர். போர்ச்சுகலின் அரியணைப் போரில் லிபரல் அணித் தலைவர் தோம் பெத்ரோவின் படைக்குப் பணம் புரட்டித் தந்த ஆள். 1835 செப்டம்பரில் அரசின் தலைமை அவர் கைக்கு வந்தது. 1836 பிப்ரவரி 19 ஆணை அவருடையது: மூடப்பட்ட மடங்களின் சொத்து எல்லாம் பொது ஏலத்துக்கு. ஐந்தில் ஒரு பங்கை முதலில் கட்ட வேண்டும். மீதியை ரொக்கமாகக் கட்டினால் 8 வருடத் தவணை, அரசுக் கடன் பத்திரமாகக் கட்டினால் 16 வருடம்.

கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். கடன் பத்திரம் யார் பெட்டியில் இருக்கும்? கோதுமை அறுப்பவன் பெட்டியிலா?

13 பிப்ரவரி 2023

தவணையைத் தலைகீழாக எழுதிவிட்டேன். பத்திரத்தில் கட்டுபவருக்கு 8 வருடம், ரொக்கத்தில் கட்டுபவருக்கு 16 வருடம். நேற்று இரவு பத்து மணிக்கு நினைவிலிருந்து எழுதியதன் லட்சணம்.

ஆனால் திருத்தியதும் என் வாதம் ஆட்டம் காணுகிறது. ரொக்கக்காரனுக்குத்தான் நீண்ட தவணை என்றால் ஏழைக்கு வழிவிட்டது போலத் தெரிகிறதே? காகிதத்தில் அப்படித்தான். சந்தையில், பத்திரத்தின் விலை அதன் முகமதிப்பில் பாதிகூட இல்லை. அரசோ அதை முகமதிப்புக்கே வாங்கிக்கொண்டது. நூறு ரியால் கடனை அதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்துத் தீர்க்கலாம் என்றால் ரொக்கத்தில் 16 வருடம் இழுப்பவன் யார்? பத்திரம் எங்கே விற்கும், எப்போது மலிவு என்று தெரிந்தவனுக்குத்தான் அந்தத் தள்ளுபடி. தரகர், வணிகர், வக்கீல், ஊர்ப் பெரிய மனிதர்.

18 பிப்ரவரி 2023

இதை ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபம் இல்லை. குற்ற உணர்வு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நான் ரவால் பகுதியில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். வந்த நாளிலிருந்து மீனுக்குப் போவது பொக்கேரியா சந்தைக்கு. ரம்ப்ளா என்ற பெரிய நடைவீதிப் பக்கத்து வாசல் முழுக்கப் பழச்சாறுக் கோப்பைகளும் சுற்றுலாக்காரர்களும்தான், உண்மை. உள்ளே தள்ளிப் போனால் மத்தி கிடைக்கும், கணவாய் கிடைக்கும், தலையை வெட்டித் தூக்கி எறியாதே என்று கையைக் காட்டிச் சொன்னால் சிரித்துக்கொண்டே கட்டித் தருவார்கள். சந்தையைச் சுற்றிப் பெரிய கல்தூண் வரிசை நிற்கிறது. மீன் சந்தைக்கு எதற்கு அரண்மனைத் தூண் என்று நானும் பல வருடம் யோசித்திருக்கிறேன்.

சந்தையின் அதிகாரப்பூர்வப் பெயர் சான் ஜோசப் சந்தை. ஏனென்றால் அது நிற்கும் மண் சான் ஜோசப் மடத்தின் மண். கார்மேல் சபைத் துறவிகளுடையது. 1835 ஜூலை 25 இரவு எரிக்கப்பட்டது. 1840 மார்ச் 19, அதாவது சூசையப்பர் திருநாள் அன்றே, அந்த இடத்தில் சந்தைக்கு அடிக்கல் நாட்டினார்கள். புனிதரைத் துரத்திவிட்டு அவர் பெயரையே கடைக்கு வைப்பது என்ன வகைக் குசும்பு என்று தெரியவில்லை. தூண்கள் மடத்தினுடையவை அல்ல. மடம் போன பிறகு அங்கே அழகான சதுக்கம் ஒன்று கட்ட நினைத்துத் தொடங்கியவை. சதுக்கம் பாதியில் நின்றது, மீன் வந்தது.

இன்னும் இருக்கிறது. லிசேயு இசையரங்கம், திரித்துவ சபையாரின் மடம் இருந்த இடம். பிளாசா ரெயால், கட்டடக் கலைஞர் கௌடி இளமையில் வடிவமைத்த விளக்குக் கம்பங்களும் பனைகளும் நிற்கும் அந்தச் சதுக்கம், கப்புச்சின் மடம் இருந்த இடம். சாந்தா கத்தரீனா சந்தை, தொமினிக்கன் மடம். நான் சாமான் வாங்குவது, நண்பரோடு பீர் குடிப்பது எல்லாம் ஏதோ ஒரு மடத்தின் தரைமேல்தான். காலையில் மடத்தை விற்றவனைத் திட்டிவிட்டு மாலையில் போய் அங்கே மீன் வாங்குகிறேன்.

சின்ன தகவல்: திங்கட்கிழமை மீன் வாங்கப் போகாதீர்கள். படகுகள் ஞாயிறு போவதில்லை. என் அக்காவை ஒரு திங்கட்கிழமை பெருமையாக அழைத்துப் போய், மூடிய மீன் கடைகளைக் காட்டியிருக்கிறேன்.

19 பிப்ரவரி 2023

ஜூலை 25 பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அன்று சந்தியாகப்பர் திருநாள். பார்சிலோனேத்தா எருது வளையத்தில் காளைச் சண்டை. வந்த காளைகள் எதுவும் சரியாக ஆடவில்லை. கூட்டம் கடுப்பாகி நாற்காலியை உடைத்து, காளையைக் கயிறு கட்டி ரம்ப்ளாவில் இழுத்துப்போய், இரவு மடங்களுக்குத் தீ வைத்தது. பத்துக்கும் மேற்பட்ட துறவியர் செத்தார்கள். படை பெரும்பாலும் வேடிக்கை பார்த்தது. காளை மோசமாக இருந்ததால் மடம் எரிந்தது என்று கேலியாக ஒரு நாட்டுப்பாடல் கற்றலான் மொழியில் இன்றும் உண்டு.

காளைதான் காரணம் என்று யாரும் நம்ப வேண்டாம். அதற்கு ஒரு வருடம் முன்பு, 1834 ஜூலை 17, மத்ரித்தில் காலரா. ஊற்றுத் தண்ணீரில் துறவிகள் விஷம் கலந்துவிட்டார்கள் என்று வதந்தி. ஒரே நாளில் எழுபதுக்கு மேற்பட்டவர்களை வெட்டினார்கள். ஆக வெறுப்பு ஏற்கெனவே காய்ந்து கிடந்த வைக்கோல். காளை வெறும் தீக்குச்சி.

சுவாரசியம் என்னவென்றால், அதே ஜூலை 25 தேதியிட்டு மத்ரித்தில் அரசும் ஓர் ஆணை போட்டிருக்கிறது: பன்னிரண்டு துறவியர்கூட இல்லாத சிறு மடங்களை மூட வேண்டும் என்று. மெந்திசாபால் வருவதற்கு முன்பே. தந்தி இல்லாத காலம். பார்சிலோனா கூட்டத்துக்கு அந்த ஆணை தெரிந்திருக்க வழியில்லை. மேலே பேனா, கீழே தீப்பந்தம், ஒரே நாள்.

20 பிப்ரவரி 2023

மேலே விட்டுப்போனது. மடங்கள் எரிந்த பதினோராம் நாள், ஆகஸ்ட் 5, அதே நகரத்தில் பொனப்லாத்தா ஆலையை எரித்தார்கள். ஸ்பெயினின் முதல் நீராவி ஆலை, ரவாலில், தாயேர்ஸ் தெருவில் இருந்தது. (அந்தத் தெருவில்தான் எனக்கு முடி வெட்டுபவர் கடை.) அதற்குச் சிலருக்கு உடனே மரண தண்டனை. மடம் எரிந்தால் வேடிக்கை, இயந்திரம் எரிந்தால் துப்பாக்கி. யாருடைய சொத்து எதுவரை புனிதம் என்பதை அந்த இரண்டு வாரமே சொல்லிவிட்டது.

26 பிப்ரவரி 2023

"அப்படியானால் நம் கோயில் நிலத்தையும்..." என்று ஒரு பின்னூட்டம். அறநிலையத்துறைச் சண்டையை இங்கே இழுக்காதீர்கள். அதற்கு வேறு ஆயிரம் இழை இருக்கிறது. சட்டம் வேறு, வரலாறு வேறு.

ஆனால் எனக்குள் இந்த விஷயம் எங்கிருந்து வருகிறது என்று மறைக்கவும் முடியவில்லை. என் தாத்தா ஒரு மடத்து நிலத்தில் குத்தகைக்கு உழுதவர். மடத்தைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் "மடம் மறந்துபோகும், மனுசன் மறக்கமாட்டான்" என்பார். மடம் கணக்கை இழுத்தடிக்கும், பாக்கியை அடுத்த போகத்துக்குத் தள்ளும், தலைமுறைக்கும் அதே வயல் அதே குடும்பத்திடம் இருக்கும். விலை கொடுத்து வாங்கினவன் முதல் நாளே அளப்பான்.

ஸ்பெயினில் அதுதான் நடந்தது. காரணத்தை நீலிக்கண்ணீர் இல்லாமல் சொல்கிறேன்: மடங்கள் நல்லவையாக இருந்ததால் அல்ல, சோம்பலாக இருந்ததால் பல இடங்களில் குத்தகை பழைய விகிதத்திலேயே கிடந்தது. புது முதலாளி போட்ட காசை எடுக்க வேண்டும், குத்தகையை ஏற்றினான், ஆளை மாற்றினான்.

27 பிப்ரவரி 2023

இதை முன்கூட்டியே சொன்ன ஒரு மனிதர் இருந்தார். ஆல்வாரோ புளோரெஸ் எஸ்த்ராதா. அஸ்தூரியாஸ்காரர், பொருளாதார அறிஞர், மெந்திசாபாலைப் போலவே லிபரல். ஆணை வந்த ஒன்பதாம் நாளே, பிப்ரவரி 28, பத்திரிகையில் எழுதினார்: விற்காதே. நிலம் அரசிடமே இருக்கட்டும். உழுபவர்களுக்கே ஐம்பது வருடக் குத்தகைக்கு விடு. புதுப்பிக்கவும் வழி வை. வரும் குத்தகையில் கடனுக்கு வட்டி கட்டு. உழுபவனும் பிழைப்பான், கடன் கொடுத்தவனும் பிழைப்பான், புது ஆட்சிக்குக் கிராமத்தில் ஆதரவும் கிடைக்கும்.

எடுபடவில்லை. மெந்திசாபாலுக்கு வேண்டியது பணமும் கூட்டாளிகளும், உடனே. ஆணையின் முன்னுரையே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: இன்றைய அரசமைப்பு வென்றால்தான் தங்கள் சுகமும் வாழ்வும் நிலைக்கும் என்றிருக்கும் சொத்துடையோர் கூட்டம் ஒன்றை உருவாக்குவது நோக்கம் என்று. அதாவது நிலத்தை வாங்கினவன் கார்லோஸ் ஜெயிக்கக் கூடாது என்று தினம் மெழுகுவர்த்தி ஏற்றுவான். (எந்தக் கோயிலில் என்று கேட்காதீர்கள்.)

4 மார்ச் 2023

"அடிமாட்டு விலைக்கு விற்றார்கள்" என்று தனிமடலில் ஒருவருக்கு எழுதியிருந்தேன். தவறு. ஏலத்தில் பல நிலங்கள் மதிப்பிட்ட விலையைவிட மிக உயர்ந்தே போயின. சில சமயம் இரு மடங்கு. ஆனால் அந்த விலையைக் கட்டியது மலிந்த பத்திரத்தில். ஏட்டில் ஏற்றம், கையில் இறக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் யாரும் அரசுக்கு லாபம் என்றோ நஷ்டம் என்றோ சொல்ல வேண்டாம், நான் உட்பட.

இன்னொன்று. சட்டம் பெரிய நிலங்களைச் சிறு துண்டாகப் பிரித்து ஏலம் விடச் சொன்னது. பிரிக்கும் பொறுப்பு உள்ளூர்க் குழுக்களுக்கு. உள்ளூர்க் குழுவில் யார் உட்கார்ந்திருப்பார் என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

5 மார்ச் 2023

வாங்கியவர்களுக்குப் பயம் இருந்ததா என்று கேட்டவருக்கு: நிறைய. இதற்கு முன்பே ஒரு முறை சூடு பட்டிருந்தார்கள். 1820இல் லிபரல்கள் மூன்று வருடம் ஆண்டபோது மடத்து நிலத்தை விற்றார்கள். 1823இல் பிரெஞ்சுப் படையின் உதவியோடு பெர்னாந்தோ மறுபடி முழு அதிகாரத்துக்கு வந்தார், விற்பனை செல்லாது, நிலம் மடத்துக்கே என்றார். கட்டிய பணம் போயே போச்சு. 1835 செப்டம்பரில் அந்தப் பழைய வாங்கியவர்களுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருடம் பத்திரத்தைப் பரணில் வைத்துக் காத்திருந்தவனை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்டவன் இனி எந்த மன்னர் பக்கம் நிற்பான்?

வாங்கினால் சபை விலக்கு என்ற மிரட்டல் வேறு. பக்தர்கள் தயங்கினார்கள், தயங்காதவர்கள் வாங்கினார்கள். 1851இல் வத்திக்கானோடு உடன்படிக்கை வந்தது. வாங்கியவர்களை இனி தொந்தரவு செய்ய மாட்டோம் என்று சபை ஒத்துக்கொண்டது. பதிலுக்குக் குருக்களின் சம்பளத்தை அரசு ஏற்றது. அன்றைக்குத்தான் பலர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

9 ஏப்ரல் 2023

உயிர்த்த ஞாயிறு விடுமுறை. வெள்ளிக்கிழமை பொப்லெத் போய்வந்தேன். எஸ்புளுகா தெ பிரான்கோலி நிலையத்தில் இறங்கி நடந்தேன். திராட்சைத் தோட்டம், வெயில், யாருமில்லாத சாலை.

சிஸ்டெர்சியன் துறவிகளின் மடம். அரகோன் மன்னர்களின் கல்லறை அதற்குள். பலிபீடத்துக்கு முன் இரண்டு பக்கமும் தாழ்வான வளைவுகள், அவற்றின் மேல் மன்னர்களும் அரசிகளும் கல்லில் படுத்திருக்கிறார்கள். எல்லாம் பழசு என்று நினைத்துக்கொண்டு நின்றேன். இல்லை. 1835 ஜூலையில் துறவிகள் ஓடிய பிறகு மடம் வருடக்கணக்காகச் சூறையாடப்பட்டது. மரம், இரும்பு, கதவு, ஓடு எல்லாம் போனது. புதையல் இருக்கும் என்று தரையைத் தோண்டினார்கள். கல்லறைகளை உடைத்தார்கள், மன்னர்களின் எலும்புகள் கலைந்து கிடந்தன. எஸ்புளுகா பங்குக் குரு அந்தோனி செரெத் 1837இல் அவற்றைத் திரட்டி எடுத்துப்போய்த் தன் கோயிலில் வைத்தார். 1843இல் தார்ரகோனா பேராலயத்துக்கு. வெற்றிவீரர் ஜாவுமே என்று தெருவுக்குத் தெரு பெயர் வைத்திருக்கும் மன்னரின் எலும்பு நூறு வருடத்துக்கு மேல் அங்கே இரவல் வீட்டில் இருந்தது. 1952இல்தான் திரும்பியது. நான் பார்த்த படுத்த உருவங்களில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டில் சிற்பி பிரெதெரிக் மாரெஸ் புதுப்பித்தவை.

எனக்கு அதைவிடப் பிடித்த கதை இது. பள்ளிப் பருவத்தில் மூன்று நண்பர்கள் அந்த இடிபாட்டைச் சுற்றித் திரிந்து, இதை எப்படியாவது மீட்டெடுக்க வேண்டும் என்று திட்டம் எழுதினார்கள், 1870 வாக்கில். ஒருவர் அந்தோனி கௌடி. அவர் பார்சிலோனாவில் சாக்ராதா பமிலியா என்ற வேறு கோயில் கட்டப் போய்விட்டார், அந்தக் கோயில் இன்னும் கட்டி முடியவில்லை. இன்னொருவர் எதுவார்த் தோதா. உலகம் சுற்றித் தூதரக வேலை பார்த்துவிட்டு, வயதான காலத்தில் 1930இல் பொப்லெத் பராமரிப்புக் குழுவின் தலைவராக வந்தார். 1940இல் துறவிகள் திரும்பினார்கள். 1941இல் தோதா இறந்தார், அங்கேயே புதைத்தார்கள்.

திரும்பும் ரயிலில் ஒன்று தோன்றியது. இந்த இழையில் நான் நிலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். நிலம் கைமாறியது, போகட்டும், விளைந்துகொண்டுதான் இருந்தது. கட்டடம்தான் யாருக்கும் வேண்டாததாகப் போனது. ஐம்பது துறவிகளுக்குக் கட்டிய உணவுக்கூடத்தை ஒரு கோதுமை வியாபாரி என்ன செய்வான்? கூரையை விற்பான், மீதியில் ஆடு அடைப்பான்.

10 ஏப்ரல் 2023

ஆடு என்றதும் நினைவு வந்தது. செகோவியா பக்கம் சாக்ராமேனியா மடம். விற்ற பிறகு களஞ்சியமாகவும் தொழுவமாகவும் கிடந்தது. 1925இல் அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ப் ஹெர்ஸ்ட் அதன் முற்றத்து மண்டபங்களைக் கல் கல்லாகப் பிரித்து வாங்கினார். சுமார் 35,000 கல், 11,000 பெட்டி, ஒவ்வொன்றிலும் எண், சுற்றி வைக்கோல். கப்பல் நியூயார்க் போனது. ஸ்பெயினில் மாட்டுக்குக் கோமாரி என்று அமெரிக்க அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்து வைக்கோலை எரித்தார்கள். கற்களைத் திரும்ப வைத்தபோது பெட்டி மாறிப்போனது. ஹெர்ஸ்டுக்குப் பணமுடை, கற்கள் கிடங்கில் கால் நூற்றாண்டு தூங்கின. 1950களில் வேறு சிலர் வாங்கி மியாமியில் எப்படியோ சேர்த்துக் கட்டினார்கள். இன்று அங்கே கல்யாண போட்டோ எடுக்கிறார்கள்.

இவருக்கு ஒரு மடம் போதவில்லை. 1931இல் ஓவிலா மடத்தையும் வாங்கினார். அந்தக் கற்கள் சான் பிரான்சிஸ்கோ பூங்காவில் பல வருடம் மழையில் கிடந்தன. கடைசியில் கலிபோர்னியாவில் வைனா என்ற ஊரின் துறவிகளிடம் போய்ச் சேர்ந்தன, அவர்களும் சிஸ்டெர்சியன்கள். சபையிடமிருந்து பறித்து, விற்று, கடல் தாண்டி, சபையிடமே. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலான சுற்றுவழி.

22 ஏப்ரல் 2023

வருமான வரிக் கணக்குக் காலம். ஒரு பெட்டி வரும்: உங்கள் வரியில் 0.7 சதவீதம் கத்தோலிக்கத் திருச்சபைக்குப் போகட்டுமா? சமூக நலப் பணிக்கா? இரண்டுக்குமா? ஒன்றும் தொடாமலும் விடலாம். கூடுதலாக நீங்கள் கட்டுவது எதுவுமில்லை, உங்கள் வரியிலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள்.

முதல் வருடம் எனக்கு எரிச்சல். அரசு ஏன் ஒரு மதத்துக்கு வசூல் செய்கிறது? பக்கத்து மேசைக்காரர், ஞாயிறு கோயிலுக்குப் போகிறவர், பொறுமையாகச் சொன்னார்: "நீங்கள் எங்கள் நிலத்தை எடுத்தீர்களே." நான் எடுக்கவில்லை, நான் அப்போது தஞ்சாவூரில் பிறக்கக்கூட இல்லை என்றேன். சிரித்தார். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 1837இல் தசமபாகத்தை (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுப்பதை) நிறுத்தினார்கள், நிலத்தை எடுத்தார்கள், 1851இல் சம்பளம் தருகிறோம் என்றார்கள். அந்த ஏற்பாடு பல அரசுகளையும் ஒரு உள்நாட்டுப் போரையும் தாண்டி, உருமாறி உருமாறி, என் கணினித் திரையில் ஒரு சின்னப் பெட்டியாக வந்து நிற்கிறது.

நான் எந்தப் பெட்டியைத் தொட்டேன் என்று கேட்காதீர்கள். தமிழன் நேர்த்திக்கடனை வெளியே சொல்வதில்லை.

23 ஏப்ரல் 2023

நேற்றைய குறிப்பைப் படித்து ஒருவர், "அப்படியானால் சபை பாவம் என்கிறீர்களா?" பொறுங்கள், மறுபக்கமும் உண்டு. 1946 சட்டம் ஒன்று, ஆயர் கையெழுத்திட்ட சான்றிதழ் இருந்தால் போதும், யார் பெயரிலும் பதிவாகாத சொத்தைச் சபை பெயரில் பதிவு செய்யலாம் என்றது. வழிபாட்டுத் தலங்களுக்கு அது பொருந்தாது. 1998இல் அந்தத் தடையும் நீங்கியது. 2015இல் வழியை மூடும்வரை பதிவோ பதிவு. 2021இல் அரசு வெளியிட்ட பட்டியலில் 34,961 சொத்துகள். கோயில்கள் மட்டுமல்ல, வீடு, நிலம், கல்லறைத் தோட்டமும். கோர்தோபாவின் பழைய பெரிய மசூதி, இன்றைய பேராலயம், 2006இல் பதிவானது முப்பது யூரோ கட்டணத்தில். எனக்கு இங்கே வாடகை ஒப்பந்தம் போட அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஆனது.

14 மே 2023

மத்ரித் அலுவலகப் பயணம். வேலை முடிந்து திர்ஸோ தெ மொலினா சதுக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பூக்கடைகள், பிள்ளைகள், சைக்கிள்.

இந்த இடம் மெர்சதாரியன் சபையின் மடம். மெந்திசாபால் காலத்தில் இடித்து, சதுக்கமாக்கி, "முன்னேற்றச் சதுக்கம்" என்று பெயர் வைத்தார்கள். 1869இல் நடுவில் மெந்திசாபாலுக்கே சிலை. உள்நாட்டுப் போர் முடிந்து சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி வந்ததும் சிலையை இறக்கிவிட்டார்கள். அதே இடத்தில் வைத்தது நாடக ஆசிரியர் திர்ஸோ தெ மொலினாவின் சிலையை. திர்ஸோ யார்? மெர்சதாரியன் துறவி. மடத்தை இடித்தவன் மேடையில் மடத்துக்காரனே ஏறி நிற்கிறான்.

கீழே மெட்ரோ நிலையம். தோண்டும்போது துறவிகளின் எலும்புகள் கிடைத்தன, அவற்றை நடைமேடைச் சுவருக்குப் பின்னால் வைத்து ஓடு பதித்துவிட்டார்கள் என்று ஊர்க்கதை. நம்புகிறேனா? பகலில் இல்லை.

20 மே 2023

முதலில் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "ஆக ஏழைக்கு ஒன்றுமே இல்லையா?"

இருந்ததையும் எடுத்தார்கள் என்பதுதான் பதில். 1855 மே 1, பாஸ்குவால் மதோஸ் கொண்டுவந்த சட்டம். இம்முறை சபைச் சொத்து மட்டுமல்ல, ஊராட்சிகளின் சொத்தும், ஊர்ப் பொது நிலமும் ஏலத்துக்கு. பணம் பொதுப்பணிகளுக்கு, குறிப்பாக ரயிலுக்கு. சுள்ளி பொறுக்க, ஆடு மேய்க்க, சும்மா போய்வந்த நிலத்துக்கு ஒரு நாள் வேலியும் காவல்காரனும் வந்தால் எப்படி இருக்கும்? இந்த விற்பனை மெந்திசாபாலுடையதைவிடப் பெரியது, நீண்டது. பேச்சு மட்டும் எப்போதும் மெந்திசாபாலைப் பற்றித்தான். எரிந்த மடம் படத்துக்கு நன்றாக இருக்கும், வேலி போட்ட மேய்ச்சல் நிலம் இருக்காது.

இதற்கு ஸ்பானியப் பெயரே ஒரு பாடம். சபையின் சொத்தை "செத்த கைகளின்" சொத்து என்பார்கள். விற்காது, பிரிக்காது, சாகவும் சாகாது, சந்தைக்கு வரவே வராது. அந்தக் கையிலிருந்து விடுவிப்பதுதான் திட்டம். ஊர்ப் பொது நிலத்தையும் அதே கணக்கில் சேர்த்தார்கள். அந்தக் கைகள் சாகவில்லை, விறகு கட்டிக்கொண்டிருந்தன.

21 மே 2023

ஒரேயடியாக இருட்டாக எழுதிவிட்டேன், அதையும் சமன் செய்ய வேண்டும். அல்கலா பல்கலைக்கழகம் மத்ரித்துக்கு மாற்றப்பட்டு, பழைய கட்டடங்கள் தனியார் கைக்குப் போய் இடிபடத் தொடங்கியபோது ஊர்க்காரர்கள் பங்கு போட்டு, 1850களின் தொடக்கத்தில் தாங்களே வாங்கினார்கள். இடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்தக் கூட்டு உடைமையாளர் சங்கம் இன்றும் இருக்கிறது, கட்டடமும் நிற்கிறது. செவில்லியாவில் மடத்து ஓவியங்களைச் சேர்த்து ஒரு மடத்திலேயே அருங்காட்சியகம். முரில்லோவின் ஓவியங்களை நான் இலவசமாகப் பார்த்தது அங்கேதான். இல்லையென்றால் அவை ஏதோ ஓர் உள்ளறையில் மெழுகுப் புகை படிந்து தொங்கியிருக்கும். அல்லது பாரிஸ் போயிருக்கும், பல போயின.

25 ஜூலை 2023

இரண்டு மாதமாக எழுதவில்லை, வேலை. இன்று தேதியைப் பார்த்ததும் வந்தேன். காலையில் பொக்கேரியாவில் மத்தி வாங்கினேன். பின் வாசல் பக்கம் லாரியில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தவரிடம் இன்று என்ன நாள் தெரியுமா என்றேன். "செவ்வாய்," என்றார்.

முதல் கேள்வி கேட்ட நண்பர் அக்டோபரில் குடும்பத்தோடு பார்சிலோனா வருகிறாராம். வாருங்கள். எல்லா மடத்தையும் காட்டுகிறேன், ஒன்றும் இருக்காது. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.